நிழலில் காய்ந்த புல்

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "எந்த வெடிக் கம்பெனி?" என்றுதான். என் மனைவி கம்பெனியில் சாகவில்லை. மஞ்சள் காமாலை. மாசி மாதம் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் வயிறு வீங்கிவிட்டது. பங்குனி பிறந்தபோது அவள் இல்லை. நானும் எட்டு வயது மகளும் இரண்டு கினிப்பன்றிகளும்தான் வீட்டில் மிச்சம்.

அந்த ஜீவன்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் விருதுநகர் பொங்கல் திருவிழாவில் வளையல் வாங்கப் போன என் மனைவி, ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே இரண்டு உருண்டைகள். முயலைவிடச் சிறிசு, எலியைவிடப் பெரிசு, வால் கிடையாது, பூ இதழ் வாடித் தொங்குவது மாதிரி இரண்டு காது. ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. மாட்டுக்குச் சொல்கிற நிறத்தையே அவள் பெயராக வைத்துவிட்டாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

"என்ன மதினி, பெருச்சாளி வளக்கீகளா? பிள்ளையாரு வாகனத்தக் காணோம்னு தேடி வந்துரப் போறாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வரட்டுமே. இருக்கச் சொல்லி ஒருவாய் காப்பித்தண்ணி குடுக்கேன்" என்றாள் என் மனைவி.

அவள் வீட்டிலிருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். பொழுது சாய ஊருணிக் கரைக்குப் போய் ஒரு மடி அருகம்புல் பறித்து வருவாள். தக்காளிப் பெட்டியைத்தான் கூண்டாக்கி வைத்திருந்தோம். அடியில் காலண்டர் அச்சடிக்கிற ஆபீசில் கழித்த வெட்டுக் காகிதம் பரப்பியிருக்கும். அவள் கொலுசுச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே இரண்டும் எழுந்து நின்று விசில் அடிக்கும். நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில், வெடிகளை வெயிலில் உலர்த்துகிற காய்ச்சல் மேடையில் வேலை பார்த்தவன். சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வரும்போது அந்த விசில் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். அம்புட்டுத்தான் எனக்கும் அதுகளுக்கும் பழக்கம். என்ன தின்கின்றன, எது ஆகும், எது ஆகாது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அவள் போன பிறகு என் மகள் அழவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அடம் இல்லை, கோபம் இல்லை. தட்டை வைத்தால் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஊட்டினால் வாயில் வைத்திருப்பாள், நான் திரும்பியதும் வாசலில் துப்பிவிடுவாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. காரியத்துக்கு வந்த சனம் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் நான் அந்தத் தந்திரத்தைச் செய்தேன். கூண்டுப் பக்கத்தில் குத்தவைத்திருந்தவளிடம் கேட்டேன்.

"பாப்பா, செவலை திங்குதா?"

"ம்."

"அது ஒரு வாய் தின்னா நீயும் ஒரு வாய் திங்கணும். அம்மா அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருக்கா."

என் மனைவி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி இரண்டு நாள் அவளுக்குப் பேச்சே இல்லை. செத்தவள் வாயில் நானாக ஒரு வார்த்தையை வைத்தேன். சாமி கும்பிடுகிறவன் செய்யக்கூடாத காரியம் என்று தெரியும். ஆனால் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். தட்டை இழுத்துக் கூண்டை ஒட்டி வைத்தாள். செவலை ஒரு புல்லை இழுத்து மென்றது. அவள் ஒரு பருக்கை எடுத்தாள். வெள்ளை மென்றது. இன்னும் கொஞ்சம் எடுத்தாள். அரைமணி நேரத்தில் அரைத் தட்டு காலியானது. நான் அடுப்படியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து வீட்டில் அதுதான் சட்டம். அதுகள் தின்றால் அவள் தின்பாள். அதுகள் சும்மா இருந்தால் அவளும் சும்மா இருப்பாள்.

பங்குனிக் கடைசி வரைக்கும் பொழுது நல்லபடியாகப் போனது. அந்த வருஷம் மழை தப்பிப் போயிருந்தது. சித்திரை பிறந்ததும் ஊருணி பாளம் பாளமாக வெடித்தது. கரையிலிருந்த அருகம்புல் கருகி, வேரும் மண்ணுமாகக் கிடந்தது. நான் வேலைக்குப் போகுமுன் விடியலில் கரை முழுக்கத் தேடி ஒரு கைப்பிடி சேர்ப்பேன். பிறகு அதுவும் இல்லை.

சரி, காய்ந்த தீவனம் போடுவோம் என்று மாட்டுக்காரர் வீட்டில் வைக்கோல் வாங்கி வந்தேன். பெட்டி நிறைய வைத்தேன். இரண்டும் அதற்குள் புகுந்து குழி பறித்துப் படுத்துக்கொண்டன. ஒரு வைக்கோல் தாளைக் கடித்துப் பார்த்தன, விட்டுவிட்டன. மகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு காய்ந்து கட்டியாயிற்று.

"யப்பா, இது அதுகளுக்கு மெத்தை. சோறு எங்க?"

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். கடலை போட்ட வீடு. விஷயம் கேட்டு, ஒரு கட்டு கடலைக்கொடியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏலே தம்பி, வைக்கோலப் போடுறானாம் வைக்கோலு. நெல்லடிச்ச சக்கையில என்னலே இருக்கு? என் கறவை மாட்டுக்கே இதத்தான் குடுக்கேன். போட்டுப் பாரு, ஒரு மாசத்துல பன்னி கணக்கா ஆயிரும்."

"பன்னிதான அத்த அது" என்றாள் என் மகள். தாய் போன பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அக்கா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கடலைக்கொடியை அதுகள் தின்ற வேகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. இலை, காம்பு, தண்டு ஒன்றும் விடவில்லை. மகள் இரண்டு வேளை வயிறு நிறையச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள். நான் அக்காவுக்குச் சொல்லி அனுப்பி இன்னொரு கட்டு வரவழைத்தேன். நல்ல சத்து, அதிகம் போட்டால் அதிக நல்லது என்று எண்ணி, காலையும் மாலையும் அதையே அடைத்தேன். மாரியாத்தா கண் திறந்துவிட்டாள் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் காகிதத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல. அதற்கு இரண்டு நாள் கழித்து, செவலை மூத்திரம் போகும்போது முதுகைக் கூனிக்கொண்டு கத்தியது. விசில் இல்லை, வேறு சத்தம். காகிதம் சிவந்திருந்தது. மகள் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நீட்டிக்கொண்டு நின்றாள்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அதை மூங்கில் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மகளும் வந்தாள். வரிசையில் முன்னால் ஒரு எருமை, பின்னால் நாலு வெள்ளாடு. "கூடைக்குள்ள என்னய்யா, கோழியா?" என்று ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாமா வைத்தியம்?" என்றார். டாக்டரம்மா சின்ன வயசு. கூடையைத் திறந்து குனிந்து பார்த்தார்.

"உண்மையச் சொல்லிடறேன். இதப் பத்திப் படிச்சிருக்கேன், கையில தொட்டதில்ல. என்ன போடுறீங்க இதுக்கு?"

"கடலைக்கொடி, டாக்டரம்மா. நல்ல கொடி. வேற எதுவும் கலக்கல."

"வேற எதுவும் கலக்கலையா? அதுதான் தப்பாப் போச்சு. அது பால் கறக்கிற மாட்டுக்கும் வளர்ற குட்டிக்கும் போடுற தீவனம். சுண்ணாம்புச் சத்து அதிகம். வளந்து முடிஞ்ச உருப்படிக்கு அது செலவாகாது, மூத்திரப்பையில கல்லாத் தங்கிரும். இதுக்கு வெறும் புல்லுதான் சாப்பாடு. காஞ்ச புல். நாள் பூரா மென்னுக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா பல்லு வளந்து வாயை மூட முடியாமப் போயிரும். உங்க பக்கம் கொழுக்கட்டைப் புல் கிடைக்குமா?"

"கம்பெனி வேலி ஓரம் அம்புட்டும் அதுதான்."

"அப்ப அதக் காயவச்சுப் போடுங்க. ஈரம் இருந்தாப் பூசணம் பிடிக்கும், பாத்துக்கங்க. கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் குடுங்க."

ஒரு ஊசி போட்டார். மருந்து எழுதினார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியிலேயே கூடைக்குள் சத்தம் நின்றுவிட்டது. மகள் கூடையை மடியில் வைத்திருந்தாள். வீடு வந்து இறக்கும் வரை மூடியைத் திறக்க விடவில்லை. வேப்பமரத்தடியில் நான் குழி தோண்டினேன். அவள் தன் பாவாடைத் துண்டில் சுற்றி வைத்தாள். பால் ஊற்றணுமா என்று கேட்டாள். ஊற்றினோம்.

அன்று சோற்றைத் தொடவில்லை.

"வெள்ளை இருக்குல்ல, தாயி."

"வெள்ளை தின்னா திங்கேன்."

என் பொய் எனக்கே கயிறாகச் சுற்றிக்கொண்டது. இனி ஒரே ஒரு ஜீவன். அதன் வாயில் என் பிள்ளையின் சோறு இருந்தது.

வெடிக் கம்பெனியில் கோடையில் புல் அகற்றுவார்கள். வேலிக்குள் காய்ந்த புல் நிற்கக்கூடாது. ஒரு பொறி பட்டால் அறைக்கு அறை தீ ஓடிவிடும். அறைகளை ஒட்டி அரிவாளும் கொண்டுபோகக் கூடாது. கல்லில் இரும்பு உரசினால் அதுவே பொறி. கையால்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கியதைக் கேட்டுக்கு வெளியே அம்பாரமாகக் குவித்து, ஊர் மாட்டுக்காரர்களுக்கு விட்டுவிடுவார்கள். அந்த வாரம் அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது. வெடிமருந்து கலக்கிற அறைப் பக்கத்துப் புல்லில் அலுமினியப் பொடி வெள்ளியாகப் படிந்து மினுங்கும். அதைத் தொடவில்லை. தூரத்து வேலி ஓரத்தில் வறட்சிக்கும் சாகாமல் நின்ற கொழுக்கட்டைப் புல்லாகப் பார்த்து மூன்று சாக்கு நிறைத்துக் கொண்டுவந்தேன். பாதிக் காய்ச்சல், பாதிப் பச்சை. நரிவால் மாதிரி கதிர் தலைநீட்டும் பருவம். மாரியாத்தாளே கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருந்தது.

காயவைப்பது என் தொழில். பதினாலு வருஷம் காய்ச்சல் மேடையில் நின்றவன். புஸ்வாணமோ சக்கரமோ, மேடையில் பரத்தி, திருப்பி, எந்த வெயிலுக்கு எத்தனை நேரம் என்று கையால் தொட்டே சொல்லுவேன். அரைக் காய்ச்சலில் ஒரு லோடு கட்டினால் தீபாவளியன்று பிசுபிசுத்துப் போகும், கம்பெனி பேரு கெடும். போர்மேன் புது ஆட்களிடம், "அவருகிட்டக் காட்டுங்கலே, அவரு கை போதும் காய்ச்சலுக்கு" என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கையால்தான் புல்லையும் காயவைத்தேன். மொட்டைப் பாறையில் மெல்லிசாகப் பரத்தி, உச்சி வெயிலில் இரண்டு தடவை திருப்பினேன். ஈரம் இருந்தால் பூசணம் என்று டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தது. ஒரு துளி ஈரம் விடக்கூடாது. இரண்டு நாள் சித்திரை வெயில். மடக்கினால் 'படக்'கென்று ஒடிகிற பதம் வந்தது. வைக்கோலைவிட வெளுத்து, வெள்ளி நூல் மாதிரி இருந்தது. மேடையில் இப்படி ஒரு காய்ச்சல் விழுந்தால் போர்மேன் கைதட்டுவார்.

அந்த இரண்டு நாளும் வெள்ளை கொத்தமல்லித் தண்டை ஏதோ கொறித்தது. மகளும் ஏதோ இரண்டு உருண்டை தின்றாள். துணை போன பிறகு அது மூலையில் முகத்தை வைத்துப் படுத்தே கிடந்தது. புல்லைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தேன். அருகில் வந்தது. மோந்தது. மூஞ்சியில் தூசி ஏறித் தும்மியது. திரும்பிப் போய் அதே மூலையில் படுத்துவிட்டது.

மறுநாள் கொத்தமல்லியையும் தொடவில்லை.

அந்த மூன்று நாளை எழுத எனக்கு வார்த்தை போதாது. மகள் கூண்டின் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். இரண்டும் ஒரே மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தன. நான் புல்லைக் கத்தரித்துப் போட்டேன், தண்ணீர் தெளித்துப் போட்டேன், வெல்லம் தடவிப் போட்டேன். வெல்லத்துக்கு எறும்புதான் வந்தது. மகளிடம் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருதடவை, கடவுள் மன்னிக்கணும், கையை ஓங்கினேன். அவள் கண்ணை மூடவில்லை. ஓங்கிய கையை என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "வயித்துல ஒண்ணுமில்லையேம்மா, என்ன வேணும் உனக்கு?" என்று நர்ஸம்மா கேட்டதற்கு, "வெள்ளை திங்கல" என்றாள். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். எங்கே போய் என்ன என்று விளக்குவேன்?

எதிர்வீட்டுக்காரி நல்லவள்தான். மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். மூன்றாம் நாள் காலையில் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. தாய்க்காரி கூப்பிடுறா. மொதல்ல செவலையக் கூட்டிட்டுப் போயிட்டா. இப்ப இத. அடுத்து..."

"நிறுத்து தாயி."

"கோடாங்கியப் பாத்துக் குறி கேளுங்கண்ணே. நான் வேற என்னத்தச் சொல்ல?"

அவள் போனதும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வருஷம் திரும்புகிறவரை சாவு வீட்டுக்காரன் அம்மன் கோயில் படியை மிதிக்கக்கூடாது. என் வாழ்நாளில் கோயிலுக்குள் போய் அழ வேண்டிய வேளை அதுதான், அந்த வேளையில் பார்த்து வாசல் அடைபட்டிருந்தது. இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். ஆத்தா, நான் சொன்ன பொய்யை என் தலையில் இறக்கு. பிள்ளையை விடு. அவளை எழுப்பிக் கொடுத்தால் மண்ணில் அவள் உருவம் செய்து உன் சன்னதியில் வைக்கிறேன். இதைத்தவிர எனக்குக் கேட்கத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

அண்ணாந்து சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வாசல் கூரை விளிம்பில், இறவாணத்தில் சொருகியிருந்த காப்பு கண்ணில் பட்டது. மார்கழி கடைசி நாள் ஒவ்வொரு வீட்டிலும் கண்ணுப்பீளையும் ஆவாரையும் வேப்பங்கொழுந்தும் சேர்த்துக் கட்டிச் சொருகுவோம். இது என் மனைவி கையால் சொருகியது. நாலு மாசம் ஆகியிருந்தது. நான் எதையும் யோசித்து அதை எடுக்கவில்லை. அவள் முடிந்த முடிச்சு என்று எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். நன்றாகக் காய்ந்திருந்தது, பொடியாக உதிர்ந்தது. ஆனால் பச்சையாக உதிர்ந்தது. மூக்கில் வைத்தால் வேம்பு வேம்பாக மணந்தது.

உள்ளே போய் என் புல்லை ஒரு பிடி எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. காலண்டர் ஆபீஸ் காகித வாசம்கூட இல்லை. பாறைச் சூட்டு வாசம்தான்.

அந்தக் காப்பு நாலு மாசமும் இறவாணத்து நிழலில் தொங்கியது. காற்றுதான் அதைக் காயவைத்தது, வெயில் படவே இல்லை. நான் புல்லை வெடியைப் போலக் காயவைத்திருந்தேன். சாறு, பச்சை, வாசம் என்று உயிரான எல்லாவற்றையும் வெயிலில் எரித்துவிட்டு, மிச்சத்தை அந்த வாயில்லா ஜீவனிடம் கொண்டுபோய் நீட்டியிருந்தேன். பதினாலு வருஷம் கர்வப்பட்ட கை.

மகளை எதிர்வீட்டுக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். உச்சிப்பொழுது. கம்பெனி கேட்டுக்கு வெளியே அம்பாரம் பாதி குறைந்திருந்தது. வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஓய், வேலைக்கு வராம புல்லுக்கு வந்திருக்கீரு? போன வாரம்தான மூணு சாக்கு கொண்டு போனீரு. பெருச்சாளிக்குக் கலியாணமா?"

"அது சாகக் கிடக்கு, அண்ணாச்சி. பிள்ளையும் கிடக்கா."

அவர் முகம் மாறிவிட்டது. "எடுத்துக்கிடும், எடுத்துக்கிடும். இந்தா இந்தப் பக்கம் நல்லா காஞ்சிருக்கு பாரும்."

"காஞ்சது வேண்டாம்."

மேல்புல் என் புல்லைப் போலவே வெளுத்துக் கிடந்தது. தள்ளினேன். அடிப்புல்லில் தரை ஈரம் ஏறிக் கறுத்து, பூசண நெடி அடித்தது. அதையும் ஒதுக்கினேன். நடுவில் கையை விட்டுத் துழாவி இழுத்தேன். வெயிலும் படாமல் ஈரமும் ஏறாமல் மூடிக் கிடந்த புல். சொரசொரவென்று காய்ந்திருந்தது, பச்சை போகவில்லை. ஒடித்தால் உடையாமல் வளைந்தது. மூக்கில் வைத்தேன். ஊருணிக் கரையிலிருந்து வந்து என் மனைவி மடியை உதறும்போது வருமே, அந்த வாசம். வாட்ச்மேன் பார்க்கிறாரே என்றும் பாராமல் அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சாக்கைப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரத்தில், நிழலில் பழைய சேலையை விரித்து அதன்மேல் பரப்பினேன். ஒரே ஒரு பிடியை எடுத்து வெள்ளையின் மூக்குக்கு நேரே வைத்தேன். மகள் பாயில் படுத்தபடி பார்த்தாள்.

அது அசையவில்லை. நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, எண்ணுவதற்குப் பயந்து நிறுத்திவிட்டேன். மீசை மயிர் ஆடியது. மூக்கு ஆடியது. கழுத்தை நீட்டி ஒரு புல் தாளின் நுனியைப் பிடித்தது. பிடித்தபடியே வைத்திருந்தது, தின்னவில்லை. அப்புறம் தாடை அசைந்தது. அந்தத் தாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. 'கிறுக் கிறுக்' என்று அந்தச் சத்தம். இன்னொரு தாளை இழுத்தது.

"யப்பா."

"என்ன தாயி?"

"கஞ்சி இருக்கா?"

கஞ்சி இல்லை. மூன்று நாளாக யார் அந்த வீட்டில் அடுப்பு மூட்டினார்கள்? எதிர்வீட்டுக்காரி, கேட்டதும், தன் வீட்டுச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அது ஒரு தாள் மெல்லும், இவள் ஒரு மடக்கு குடிப்பாள். நடுவில் அது ஓய்ந்தால் இவளும் கிண்ணத்தைப் பிடித்தபடி காத்திருப்பாள். நானும் எதிர்வீட்டுக்காரியும் அதன் தாடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிண்ணம் காலியாகப் பொழுது சாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு புல் விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை, என் கையையும் நம்பவில்லை, மூக்கைத்தான் நம்பினேன். ஐப்பசி மழைக்குப் பிறகு ஓடைக்கரையில் கொழுக்கட்டைப் புல் தழைக்கும். கதிர் முத்துமுன் அறுத்து, தாழ்வாரத்தில் கொடி கட்டிக் கட்டுக் கட்டாகத் தொங்கவிடுவேன். கடலைக்கொடியைக் கண்ணில் காட்டுவதில்லை. வைக்கோல் படுக்கைக்கு மட்டும். கம்பெனியில் கேலி செய்தார்கள். "மேடையில வெயில் பத்தலைங்காரு, வீட்டுல நிழல் பத்தலைங்காரு" என்று போர்மேன் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஆனால் பயம் போகவில்லை. வெள்ளை ஒரு வேளை சுணங்கினாலும் நான் கூண்டைவிட்டு நகரமாட்டேன். பிள்ளையின் தட்டு கூண்டை ஒட்டியேதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அவள் சாப்பிடுவதில்லை என்று டீச்சர் சொல்லி விட்டார்கள். அங்கே வெள்ளை இல்லையே. ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அது எத்தனை காலம் இருக்கும்? அது போனால்? இந்தக் கேள்வியை நான் சாமியிடம்கூடக் கேட்கவில்லை.

வருஷம் திரும்பியதும் நேர்த்திக்கடனுக்காக மகளைக் கூட்டிக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் வேளாரைப் பார்க்கப் போனேன். மண்ணில் உருவம் செய்கிறவர். வழியில் பஸ் மாறும் இடத்தில் ஒரு பொட்டலம் சேவு வாங்கி அவள் கையில் கொடுத்தேன். தின்பாள் என்று கொடுக்கவில்லை. கையில் ஏதாவது இருக்கட்டும் என்று கொடுத்தேன்.

"பொம்பளப் பிள்ளை உருவம் ஒண்ணு. இந்த உசரத்துக்கு" என்று வேளாரிடம் சொன்னேன்.

"யப்பா, ரெண்டு கினியும் செய்யச் சொல்லு" என்றாள் மகள்.

"ரெண்டா? செவலைதான் போயிருச்சே தாயி."

"அதுவும் சேத்துத்தான்."

வேளார் தலையைச் சொறிந்தார். "கினின்னா என்னம்மா? எலியா, முசலா? நான் பிள்ளை செஞ்சிருக்கேன், மாடு செஞ்சிருக்கேன், தேளுகூடச் செஞ்சிருக்கேன். இத எப்படிச் செய்ய?"

அவள் அவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஈரமண்ணை உருட்ட உருட்ட, வால் வைக்காதீக, காது இம்புட்டுப் பெரிசு வேண்டாம், கழுத்தே கிடையாது, அப்படியே உருண்டை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "அப்ப இது கொழுக்கட்டை, காது வச்ச கொழுக்கட்டை" என்றார் வேளார். அவள் களுக்கென்று சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே பொட்டலத்துக்குள் கையை விட்டாள். ஒரு சேவை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். காதுக்கு அளவு சொன்னாள். இன்னொன்றை எடுத்தாள்.

வெள்ளை வீட்டில், பெட்டிக்குள் இருந்தது. அது தின்றதா, தூங்கியதா என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் ஞாபகம் வந்து நிறுத்திவிடுவாளோ என்று பயம். வேளார் கையிலிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு, பொட்டலத்துக் காகிதம் சரசரக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.